பக்கத்திலேயே கிடந்த பழைய நகல்

சென்னை அம்பத்தூர் பக்கம் மேனாம்பேட்டில் எங்கள் ஃபிளாட்டின் சாப்பாட்டு மேசைதான் எனக்கு ஆபீஸ். குழந்தைக்காக வேலையை விட்டு, சில வருஷம் கழித்துத் திரும்பவும் சேர்ந்திருந்தேன். முதலில் கொடுத்ததே மற்ற புரோகிராம்கள் பயன்படுத்தும் ஒரு பழைய கோட் லைப்ரரியைப் புது வெர்ஷனுக்கு மாற்றி, ஓடும்படி பில்ட் செய்யும் வேலை. அது அடம்பிடித்தது. காலையில் மேனேஜர் போன் செய்தார்.

"மதியம் மீட்டிங் வரைக்கும் பாருங்க மேடம். முடியலைன்னா வேற ஆளுக்கு மாத்திடலாம். நடுவுல கேப் விழுந்தா கஷ்டம்தான்."

பரிவாகத்தான் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இது கைமாறிப் போனால் அப்புறம் உருப்படியான வேலை எதுவும் என் பக்கம் வராது. விடுவதில்லை என்று உட்கார்ந்தேன்.

லைப்ரரியில் என்னென்ன ஃபங்ஷன்கள் இருக்கின்றன என்று, நாம் எழுதும் கோடை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலருக்குச் சொல்வது ஹெடர் ஃபைல். அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று நாம்தான் பாதை காட்ட வேண்டும். காட்டினேன். எனக்கு வேண்டிய ஃபங்ஷன் அந்த ஹெடரில் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். கம்பைலரோ அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்று சாதித்தது. பாதையை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். முந்தைய பில்டில் உருவான எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி பில்ட் செய்தேன். அதே பல்லவி. அடுப்பில் குக்கர் வேறு என்னைப் பார்த்துக் கத்தியது.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவனைக் கூப்பிட்டேன். ஆவடி குவார்ட்டர்ஸிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"இன்னாத்துக்குக்கா அத்தோட மல்லுக்கட்டிகினு கீற? ஹெடரை காப்பி பண்ணி சோர்ஸ் பக்கத்துலயே போட்டுடு. நான் அப்டித்தான் ஓட்டினேன்."

சட்டென்று நிமிர்ந்தேன். "அப்படி ஓட்டினியா? இந்த லைப்ரரியிலயா?"

"அவசரத்துக்குப் போட்டதுக்கா..." குரல் இறங்கியது.

அவன் யோசனைப்படியே செய்திருக்கலாம், அன்றைக்கு ஓடியிருக்கும். ஆனால் அடுத்த வெர்ஷனில் இன்னொருத்தி இதே மாதிரி தலையைப் பிய்த்துக்கொள்வாள். எனக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும். கம்பைலர் திறக்கும் ஃபைல்களை எல்லாம் வரிசையாகக் காட்டச் சொல்லி ஓட்டினேன். அகப்பட்டது. நான் காட்டிய ஃபோல்டருக்கு அது போகவே இல்லை. நம் கோட் எழுதியிருக்கும் சோர்ஸ் ஃபைல் எங்கே இருக்கிறதோ அங்கேதான் முதலில் தேடுகிறது. அங்கே அவன் போட்ட, எனக்கு வேண்டிய ஃபங்ஷன் இல்லாத பழைய நகல் கிடந்தது. ஒரே பெயர் இருந்ததால் அதோடு திருப்தியாகி நின்றுவிட்டது. ஹோட்டல் பார்சலை ஒரே பெயருள்ள முதல் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறவர் மாதிரி.

நகலை அழித்தேன். பில்ட் ஓடியது. கடைசி வரி வந்ததும் எழுந்து நின்று கை தட்டினேன். அவ்வளவு சந்தோஷம்.

மீட்டிங்கில் சொன்னபோது மேனேஜர் இழுத்தார். "அடடா, வேற ஒருத்தர்கிட்ட சொல்லி வெச்சுட்டேனே."

"அவருக்கு வேற வேலை குடுங்க சார்," என்றேன். "இது என்னோடது."

மேனேஜர் தன் லிஸ்டில் அந்த வேலைக்கு எதிரே மறுபடி என் பெயரையே போட்டார். பிறகு, "அப்ப அடுத்த வெர்ஷனும் நீங்களே பார்த்துடுங்க" என்றார்.