கடைசி மரத்துச் சருகு

பிள்ளைகளா, முந்திரித் தோப்பை வீட்டு வாசல் மாதிரி கூட்டுவார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? வரதராஜன்பேட்டைப் பக்கம் எங்களுக்கு இருந்த சின்னத் தோப்பை மாசி மாதம் கூட்டிவிடுவோம். மரத்தடி சுத்தமாக இருந்தால்தான் உதிர்கிற கொட்டை கண்ணில் படும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் அப்படிக் கூட்டும்போதுதான் அந்தக் குருவியைப் பார்த்தேன். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு. வால் என்று சொல்லிக்கொள்ள அரை விரல் நீளம்தான். விடிகாலையிலும் பொழுது சாயும்போதும் விசிலடிப்பதால் ஆறுமணிக் குருவி என்று பேர். இது தரையில் தத்தித் தத்திப் போய், சருகைப் புரட்டிப் புழு பூச்சி தின்றது. நாங்கள் ஒரு மரத்தடியைக் கூட்டினால் அடுத்த மரத்தடிக்குப் போனது. அதையும் கூட்டினோம். அதற்கும் அடுத்ததற்குப் போனது.

மூன்றாம் நாள் வேலியோரம் ஒரே ஒரு மரம் பாக்கி. அத்தை விளக்குமாறோடு அங்கே போனபோதுதான் எனக்கு உறைத்தது. இதையும் கூட்டிவிட்டால் அது எங்கே போய்ச் சாப்பிடும்? ஓடிப்போய் மறித்து நின்றேன்.

“சருவு கெடந்தா கொட்ட எப்புடிடா தெரியும்? ஒங் குருவியா வந்து பொறுக்கித் தரும்?” என்றார் அத்தை.

நான் பொறுக்கித் தருகிறேன் என்றேன். அப்பா சிரித்துவிட்டார். “வுடு, அந்த மரம் அவன் பொறுப்பு. ஒரு கொட்ட தப்புனாலும் நானே கூட்டிப்புடுவேன்.”

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் மண்டி போட்டுச் சருகைத் துழாவினேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் குருவி. பங்குனி முழுக்க ஒரு கொட்டையும் தப்பவில்லை.

சித்திரையில் ஒருநாள் குருவியைக் காணவில்லை. ஒரு வாரம் தேடினேன். தினமும் நான் போய்த் துழாவியதில் கோபித்துக்கொண்டுதான் போய்விட்டது என்று முடிவு செய்து, நானே விளக்குமாற்றை எடுத்து அந்த மரத்தடியையும் கூட்டினேன். இப்பத்தான் புத்தி வந்திருக்கு என்று அத்தை மெச்சினார்.

அது குளிர்காலத்துக்கு நம் பக்கம் வந்து, கோடையில் கூடு கட்ட வடக்கே காடுகளுக்குப் போகிற பறவை. ஐப்பசி வாக்கில் மறுபடி வருமாம். இதெல்லாம் பெரியவனான பிறகு தெரிந்துகொண்டது. அந்த ஐப்பசிக்குள் மரத்தடியில் புதுச் சருகு விழுந்து கிடந்திருக்கும். நான்தான் வேலியோரம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு போனது திரும்பி வராது என்று நினைத்திருந்தேன்.