தொப்பை வைத்த பொம்மை

போன வாரம் ஒரு பொம்மையைப் பார்த்து, "அட... நம்ம ஆளு!" என்று கடைக்குள் நின்று கத்திவிட்டேன்.

கடை ஸ்டெல்லாவுடையது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால், பெண்களுக்கான தையல் கடை. பத்து வருஷம் யார் யார் கடையிலோ மிஷின் மிதித்துவிட்டு, இந்த வருஷம்தான் சொந்தமாக ஆரம்பித்திருக்கிறாள். நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைக்கப் போயிருந்தேன். வழக்கம்போல அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்டும் கையில்.

ஸ்டெல்லா அதைப் புரட்டிப் பார்த்தாள். "அக்கா, இது எந்த வருஷத்து ஜாக்கெட்டு?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"ஜாக்கெட்டு நல்லாத்தான் இருக்கு. இப்ப போட்டா கொக்கி மாட்டுமான்னு கேக்கேன்."

நான் விட்டத்தைப் பார்த்தேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்கிறோம். வக்கீலிடம்கூடச் சொல்லிவிடுகிறோம். டெய்லரிடம் மட்டும் ஏன் பொய்? அடுத்த மாசம் இளைத்துவிடுவேன் என்று எட்டு வருஷமாக இதே ஜாக்கெட்டைத்தான் அளவுக்குக் கொடுக்கிறேன். இதுவரை இளைத்தது துணி மட்டும்தான்.

பேச்சை மாற்றலாம் என்று வாசல் பக்கம் திரும்பினேன். அங்கேதான் அந்தப் பொம்மை!

முகம் பெரிய ஜவுளிக்கடைப் பொம்மைகளுக்கு இருக்குமே, அதே வெளுப்பு, அதே மிதப்பு. கழுத்துக்குக் கீழே அப்படியே நம்ம ஊர். திரண்ட புஜம், ரெண்டு பிள்ளை பெற்ற வயிறு, சேலைக் கட்டுக்கு மேலே ஒரு மடிப்பு... தினமும் என் கண்ணாடியில் வருகிற அதே மடிப்பு.

"என்ன ஸ்டெல்லா இது?"

"அந்தக் கதைய ஏன் கேக்கீய! பெரிய கடையில பழைய பொம்மையத் தள்ளிவிட்டாவ. ஒண்ணு வாங்கிட்டு வந்து வாசல்ல வச்சேன். வாரவ எல்லாம் அதக் கைகாட்டி, 'அந்த மாதிரியே தச்சுக் குடு'ன்னாவ. தச்சுக் குடுத்தேன். போட்டுப் பாத்துட்டு, 'கை பிடிக்கி, வயிறு தெரியுது, தைக்கத் தெரியாதவளுக்கு என்னத்துக்குக் கடை'ன்னு ஏசிட்டுப் போனாவ. பாதிப்பேரு திரும்பி வரல. கடைய மூடிருவேனோன்னு பயந்துட்டேன்க்கா."

"பொம்மைக்கு மட்டும் எப்படிச் சரியா இருந்துச்சாம்?"

"அதுக்கும் சரியா இல்ல! வாங்கும்போது துணிய இழுத்துப் பிடிச்சு முதுகுல பதினேழு குண்டூசி."

பாருங்கள்! அந்த ஒல்லி இடுப்பை வைத்துக்கொண்டு, பொம்மைக்கே அந்த உடுப்பு சேரவில்லை. இதைப் பார்த்தா நாம் ராத்திரிச் சாப்பாட்டை விடுகிறோம்? நம்மை இப்படி ஏங்கவைப்பது போதாதென்று, எதை விற்பதானாலும் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சாய்த்துவிடுகிறார்கள். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார் விளம்பரத்திலும் ஒரு பெண் அதன்மேல் சாய்ந்து சிரிக்கிறாள். ஓடுகிற மோட்டாரில் சாய்ந்தால் சிரிப்பா வரும்? முந்தானை மாட்டிக்கொள்ளாதா?

ஸ்டெல்லா ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அளவு நோட்டை விரித்து உட்கார்ந்துவிட்டாளாம். கிழிந்த நைட்டி, தலையணைப் பஞ்சு, வெட்டுத் துணி எல்லாவற்றையும் வைத்துக் கட்டி, தன் வாடிக்கையாளர்களின் உடம்பைப் பொம்மைக்குக் கொடுத்துவிட்டாள்.

அவள் சொல்லி முடிக்கவும் கட்டடத்துச் சொந்தக்கார அண்ணாச்சி உள்ளே வரவும் சரியாக இருந்தது. வேட்டி, பனியன். பின்னாலேயே அவர் மனைவி.

"ஏம்மா ஸ்டெல்லா, இத எடுத்து உள்ள போடு. போறவன் வாரவன்லாம், 'என்ன அண்ணாச்சி, பொம்மை மாசமா இருக்கா'ன்னு கேக்கான். கட்டடத்துக்கே கேவலமா இருக்கு. வாசல்ல லெட்சணமா ஒண்ணு நின்னாத்தானே நாலு பேரு வருவாவ?"

"நாலு பேரு வந்தாவ அண்ணாச்சி. நாலு பேரும் ஏசிட்டுப் போனாவ."

"எடுக்க முடியாதுன்னா அடுத்த மாசம் வேற இடம் பாத்துக்கோ."

ஸ்டெல்லாவின் முகம் செத்துவிட்டது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சியின் மனைவி முந்திக்கொண்டார். அவர் அதுவரை பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்து, ஜாக்கெட் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லா, இந்தக் கை எனக்கு இறுக்காம இருக்குமா?"

"இறுக்காது மதினி. உங்க அளவையும் பாத்துத்தான் பஞ்சு வச்சேன்."

மதினி மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார்.

"அப்ப என்னையத்தான் எடுத்து உள்ள போடச் சொல்லுதீயளோ?"

"ஏட்டி, நான் அப்படியா சொன்னேன்? பைய பேசு..."

"என்னத்துக்குப் பைய பேசணும்? வெறும் பனியனோட, வயித்தத் தள்ளிக்கிட்டு, தெனமும் இதே வாசல்ல சேரப் போட்டு உக்காருதீய. ஒங்களப் பாத்து எவனாவது மாசமான்னு கேட்டானா? கட்டடத்துக்குக் கேவலம்னு நான் உள்ள எடுத்துப் போட்டனா?"

அண்ணாச்சி பொம்மையைப் பார்த்தார். தன் வயிற்றைப் பார்த்தார். யாரோ கூப்பிட்டதுபோல வெளியே போய்விட்டார்.

நேற்று ஜாக்கெட் வாங்கப் போயிருந்தேன். பொம்மை அதே வாசலில், அதே வயிற்றோடு, நிம்மதியாக நிற்கிறது. பக்கத்துச் சேரில் அண்ணாச்சி... முழுக்கைச் சட்டை போட்டு, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்தபடி!