ஒட்டுக்குக் கீழே

படகு எஞ்சின் பழுதுபார்க்கும் கொட்டகையில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்த மனுஷரை ஊரே ‘டீசல்’ என்றுதான் கூப்பிடும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். எஞ்சின் விஷயத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாலு பேர் பார்த்துக் கைவிட்டதைக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, “மூணாவது இன்ஜெக்டர் ஒழுகுது, கழட்டு” என்பார். கழற்றினால் அதுதான் இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவைப்பது எதற்கென்றால், பின்னால் அவர் செய்த காரியத்தைக் கேட்டுவிட்டு யாரும் அவரை முட்டாள் என்று வாயைத் திறக்கக்கூடாது. தெரிந்த வேலையைத் தெரியாத இடத்தில் செய்தார், அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அவர் மனைவி தையல்காரம்மா. முன்னறையில் தையல் மெஷின், பின்பக்கம் தோட்டம், தோட்டத்தை ஒட்டிக் கூப்பிடு தூரத்தில் கடல். தோட்டம் என்று நாம்தான் மரியாதைக்குச் சொல்லவேண்டும், எல்லாம் மணல். துணி காயப்போடும் கம்பியே இரண்டு வருஷத்தில் துருப்பிடித்து அறுந்து விழும் இடம். அங்கே ரோஜா வளர்த்தே தீருவேன் என்று அந்தம்மா நின்றார். மூன்று செடி கருகிச் செத்தது. நாலாவதுக்குச் செங்கல் அடுக்கி மேடை கட்டி, மணலை வாரிக் கொட்டிவிட்டுக் களிமண்ணும் மக்கிய எருவும் நிரப்பினார். கடல் பக்கம் சாக்குத் துணியில் தடுப்பு. தினமும் காலையில் நல்ல தண்ணீரை இலை இலையாகத் தெளித்து உப்பைக் கழுவுவார். அந்த நாலாவது செடி பிழைத்தது, பதினோரு வருஷம் பூத்தது.

உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்புப் பூ, ஒரு காம்புக்கு ஒன்றுதான். வாசனை உண்டு, ஆனால் காற்று அதை நின்ற நிலையில் அள்ளிக்கொண்டு போய்விடும். மூக்கைப் பூவுக்குள்ளேயே வைத்தால்தான் தெரியும். தையல்காரம்மா தினமும் காலையில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிஷம் நிற்பார், அப்புறம்தான் மெஷினில் உட்காருவார். டீசல் அந்தப் பக்கம் போனால் மட்டும், “கிரீஸ் கையோட கிட்ட வராதீங்க, சொல்லிட்டேன்” என்று ஒரு அதட்டல். அவரும் ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று கொட்டகைக்குக் கிளம்பிவிடுவார்.

போன வருஷம் தையல்காரம்மாவின் வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஒரு வாரம் கழித்து, முற்றிவிட்டது என்றார்கள். டாக்டர் சுற்றி வளைத்துச் சொன்னதை அந்தம்மா நேராகவே புரிந்துகொண்டார். புருஷனைக் கூப்பிட்டுக் கட்டில் ஓரமாக உட்காரவைத்தார்.

“வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு நான் கேக்கலை. அடுத்த பூ பூத்ததும் அதை மட்டும் கொண்டுவாங்க. ஒரே ஒரு தடவை மோந்து பாத்துக்கிறேன்.”

“ஒண்ணு என்ன, கூடை நிறையக் கொண்டுவரேன்.”

“கிழிச்சீங்க. முதல்ல செடியைச் சாகடிக்காம வையுங்க” என்று சிரித்தார் அந்தம்மா. அளவு எழுதும் நோட்டுப் புத்தகத்தில், செய்யவேண்டியது அத்தனையும் ஒன்றுவிடாமல் எழுதச் சொன்னார். ஒன்றுவிடாமல் என்றா சொன்னேன்? ஒன்று விட்டுப்போயிற்று.

இந்த ஜாதி ரோஜா தன் சொந்த வேரில் நிற்பதில்லை. முரட்டுக் காட்டு ரோஜாவின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் விற்பார்கள். ஒட்டுக்குக் கீழே அந்தக் காட்டுச்செடி அவ்வப்போது தளிர் விடும். விட்டுவைத்தால், மேலே இருக்கும் நல்ல ரோஜாவுக்குப் போகிற சாரத்தையெல்லாம் அதுவே உறிஞ்சிவிடும். தையல்காரம்மா போகிற போக்கில் குனிந்து அதைப் பிய்த்து எறிவார். பதினோரு வருஷமாகக் கை தானாகச் செய்த வேலை, வாய்க்கு எப்படி ஞாபகம் வரும்?

டீசல் நோட்டைப் பார்த்துப் பார்த்து எல்லாம் செய்தார். இலை கழுவினார், எரு வைத்தார், சாக்கை இழுத்துக் கட்டினார். இரண்டாவது வாரம் கடல் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தது. தடுப்பு பிய்ந்து பறந்தது. பழைய கிளைகளில் இலையெல்லாம் ஓரம் கருகி உதிர்ந்து, செடி வெறும் குச்சியாக நின்றது. மனுஷர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் அடியில் ஒரு தளிர் அவர் கண்ணில் பட்டது. உப்பாவது காற்றாவது என்று பச்சைப் பசேலென்று, நாளுக்கு நாலு விரல் வளர்ந்தது.

அவர் மூளை எஞ்சின் மூளைதானே! ஓடாத பாகத்தைக் கழற்றி எறிந்தால் ஓடுகிற பாகத்துக்குச் சக்தி கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். பழைய கிளைகளை ரம்பம் வைத்து அடியோடு அறுத்தார். வெட்டுவாயில் தண்ணீர் இறங்கக்கூடாதாம், மெனக்கெட்டு கிரீஸ் வேறு தடவினார். அன்றைக்கு மத்தியானம் அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

மூன்று வாரத்தில் தளிர் இடுப்பு உயரம் வந்தது. போனில் படம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். தையல்காரம்மா அதற்குள் பாதி ஆளாகியிருந்தார். துணைக்கு இருந்த அவர் தங்கைக்காரி முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். அந்தம்மா படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தார்.

“பழைய கிளை எங்கங்க?”

“அது வேஸ்ட்டு. அறுத்து எறிஞ்சிட்டேன். அதனாலதான் இது இந்தப் போடு போடுது!”

தையல்காரம்மா போனைத் திருப்பிக் கொடுத்தார். “நல்லா வளத்திருக்கீங்க” என்றார். டீசலுக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமான நாளாகத் தோட்டத்து விஷயத்தில் அந்தம்மா அவரைப் பாராட்டியது அன்றைக்குத்தான்.

மறுநாள் காலையில், மொட்டு வர ஏதாவது உரம் போடலாமா என்று கேட்க, செடி விற்ற நாற்றுப்பண்ணைக்காரரிடம் போனார். அதே படத்தைக் காட்டினார். பண்ணைக்காரர் உதட்டைப் பிதுக்கினார்.

“அண்ணே, இது அடிச்செடி. காட்டு ரோஜா. பொடிப் பொடியா வெள்ளைப் பூ வரும், வாசனையே இருக்காது. மேல இருந்தது என்னாச்சு?”

டீசல் சொன்னார்.

“இலை கொட்டினா என்னண்ணே, கிளை உயிரோடதானே இருந்திருக்கும்! சரி, வெட்டினதை என்ன செஞ்சீங்க? தளிர் விடுற கண்ணு ஒண்ணே ஒண்ணு பச்சையா இருந்தாக்கூட ஒட்டிரலாம். எங்ககிட்ட இருந்த தாய்ச்செடி போன புயல்லயே போயிருச்சு. அந்த ஜாதி இப்ப உங்க வீட்டுல மட்டும்தான் இருந்துச்சு.”

டீசல் வீட்டுக்கு ஓடினார். அறுபத்து மூன்று வயசு மனுஷர், செருப்பு ஒரு பக்கம் போக, ஓடினார். எதையும் ஒழுங்காக அடுக்கிவைக்கிற பழக்கம், குச்சிகளை ஒரே நீளமாக நறுக்கிக் கம்பியால் கட்டிச் சுவரோரம் வெயிலில் வைத்திருந்தார். கட்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். பண்ணைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து நகத்தால் பட்டையைச் சுரண்டினார். மொத்தம் பதினேழு குச்சி. எல்லாம் காய்ந்து விறகாகியிருந்தது. கடைசிக் குச்சியை இரண்டு தடவை சுரண்டிப் பார்த்துவிட்டு, “வீட்டுக்குப் போங்கண்ணே” என்றார்.

அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார். நாலு மணிக்குக் கதவைத் திறந்ததும் முதல் ஆளாக உள்ளே நுழைந்தார்.

“உனக்கு நேத்தே தெரிஞ்சிருச்சுல்ல?”

“ம்.”

“அப்புறம் எதுக்குடி நல்லா வளத்திருக்கேன்னு சொன்ன? நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்ல!”

“திட்டினா செடி முளைச்சிருமா? கீழ வர்றதைக் கிள்ளிப் போடுங்கன்னு நான் சொல்லாம விட்டேன். தப்பு என் பேர்ல.”

“ஒண்ணே ஒண்ணு கேட்ட. அதைக்கூட என்னால…” வார்டில் ஆறு கட்டில், ஆறு கட்டிலுக்கும் ஆள் வந்திருந்தார்கள். அத்தனை பேருக்கு நடுவில் ஏங்கி ஏங்கி அழுதார்.

தையல்காரம்மா அவர் அழுது முடிக்கும்வரை விட்டார். பிறகு, “சரி விடுங்க. பூ இல்லாட்டி போகுது. அது எப்படி மணக்கும்னு வாயால சொல்லுங்க, கேட்டுக்கிறேன்” என்றார்.

பதினோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட டீசல் அந்தப் பூவில் மூக்கை வைத்ததில்லை.

“நல்லா… நல்லா இருக்கும்.”

“நல்லான்னா?”

அந்தம்மாவுக்குப் புரிந்துவிட்டது. கோபித்துக்கொள்ளவில்லை, சிரிப்புத்தான் வந்தது. சிரித்ததில் இருமல் வந்து அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

“அட மனுஷா! சரி, நான் சொல்றேன், நீங்க கேளுங்க. கிட்டப் போனதும் முதல்ல எலுமிச்சந்தோலைக் கிள்ளின மாதிரி சுள்ளுன்னு ஒண்ணு வரும். அது பொய், அதை நம்பாதீங்க. மூச்சை விடாம அப்படியே நின்னீங்கன்னா, அதுக்குப் பின்னால மெதுவா…”

நர்ஸ் ஊசி போட வந்தாள். நேரமாகிவிட்டது என்று எல்லாரையும் கிளப்பினாள். “போய்ட்டு வாங்க. மிச்சத்தை நாளைக்குச் சொல்றேன்” என்றார் தையல்காரம்மா.

மறுநாள் தையல்காரம்மாவுக்கு நினைவே திரும்பவில்லை. அடுத்த நாள் விடிகாலையில் உயிர் போயிற்று.

காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிக்கொண்டிருந்தபோது, டீசல் தங்கைக்காரியைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ அந்தப் பூவை மோந்து பாத்திருக்கியாம்மா?”

“பாத்திருக்கேன் அத்தான்.”

“முதல்ல எலுமிச்சந்தோல் மாதிரி வருமாமே. அதுக்குப் பின்னால என்ன வரும்?”

அவள் யோசித்துப் பார்த்தாள். “எலுமிச்சந்தோலா? எனக்கு அப்படியெல்லாம் தெரியலையே அத்தான். ரோஜா வாசனைதான்” என்றாள்.