சணலில் காய்த்த கத்தரிக்காய்

மொயேஜ் உத்தின், பீர்காச்சா பக்கத்துக் கசிம் மண்டலின் மூன்றாவது மகன். தாய்வழி ஆட்கள் தீஸ்தா ஆற்றில் படகு ஓட்டியவர்கள். அக்கரைக்குக் கேட்கிற மாதிரிப் பேசுவது அந்த வம்சத்துக் குணம். அதனால்தான் வேளாண் ஆபீசில் கொடுத்த மரபணு மாற்றிய கத்தரியை அவர் நட்ட சேதி, அன்றைக்கே மகள் மொர்ஜினாவின் மாமியார் வீடு வரை போய்விட்டது.

முன்பெல்லாம் கை ஓயாமல் மருந்தடிப்பார். அப்படியும் பாதிக் காய் சொத்தையாகி மாட்டுக்குப் போகும். இந்தச் செடியிலோ வாய் வைத்த புழு செத்தது. காய் பளபளவென்று தொங்கியது.

மொர்ஜினாவுக்குத் தலைப்பேறு. பிறந்த வீட்டுக்கு அழைத்துவரப் போன மொயேஜுக்கு, சம்பந்தியம்மா ஆம்பியா வெற்றிலையைக் கொடுத்துவிட்டு, மருமகளை அனுப்ப மாட்டேன் என்றாள்.

"புழு தின்னாலே சாவுதாமே உங்க வீட்டுக் கத்தரி?"

"அது புழுவுக்குத்தான் சம்பந்தியம்மா. நான் தினமும் திங்கறேனே, எனக்கு என்ன கேடு?"

"உங்களுக்கு ஏற்கெனவே என்னென்ன கேடோ, யாரு கண்டா?"

"மருந்துல குளிச்ச காயா இத்தனை வருசம் மூட்டை மூட்டையா அனுப்பினேன். வாயத் தொறக்காமத் தின்னீங்களே!"

"அதுல புழு உசுரோட இருந்துச்சே! வெள்ளிக்கிழமை வர்றேன். உங்க வயக்காட்டுல ஒத்தைப் புழு உசுரோட இருக்கறதக் காட்டுங்க, பொண்ண அனுப்பறேன்."

மொயேஜ் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். வயலைச் சுற்றிச் சாதாரணக் கத்தரி ஒரு வரிசை நடு, புழு பிழைத்துப் போகட்டும், மருந்தடிக்காதே என்று ஆபீசில் சொல்லியிருந்தார்கள். புழுவுக்கா பஞ்சம்?

வீடு திரும்பும் வழியில்தான் நினைவு வந்தது. பாதையில் போகிறவர்கள் சொத்தைக் காயைப் பார்த்துச் சிரிக்கிறார்களே என்ற வெட்கத்தில், அந்த வரிசைக்கும் போன வாரம் மருந்தடித்திருந்தார். இலை இலையாகப் புரட்டினார். ஒன்றும் இல்லை.

வேறு வழியில்லாமல் பக்கத்து வயல் நோயிமிடம் போனார்.

"தம்பி, ஒரு புழு வேணும்."

"அண்ணே, என் வயலப் புழுப் பண்ணைன்னு சந்தை பூராச் சொன்னது யாரு?"

"நான்தான். தப்புத்தான்."

"இங்க சொன்னாப் பத்தாது. ரோட்டுல நின்னு, உங்க அம்மா வீட்டுக் குரல்ல சொல்லுங்க."

சொன்னார். புழுவோடு ஒரு காய் கிடைத்தது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அதைச் சணல் நாரால் தன் செடி ஒன்றில் கட்டிவைத்தார்.

ஆம்பியா வந்தாள். அந்தச் செடியிடமே கூட்டிப்போனார். அவள் பறித்தாள். புழு எட்டிப் பார்த்தது. கூடவே நாரும் வந்தது.

"சம்பந்தி, ஆபீஸ் விதை சணல்லயா காய்க்குது?"

மொயேஜ் தலையில் கை வைத்து வரப்பில் உட்கார்ந்தார். "இரவல் புழு சம்பந்தியம்மா. என் வயல்ல ஒண்ணும் மிஞ்சல. பொண்ணோட அம்மா தினமும் வாசலயே பாத்துக்கிட்டு நிக்கறா. நான் வேற என்ன செய்வேன்?"

ஆம்பியாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது. "பொண்ணுக்காகப் புழுப் பிச்சை எடுத்த ஆம்பளைய இன்னைக்குத்தான் பாக்கறேன். அனுப்பறேன் போங்க. ஆனா சமையல் என் கையில."

அடுத்த வாரம் ரிக்‌ஷா வண்டியில் மொர்ஜினா வந்தாள். பின்னால் இன்னொரு வண்டியில் சட்டி, கடுகெண்ணெய், தலையணையோடு ஆம்பியா. மருமகளுக்குச் சுரைக்காய்க் குழம்பு தனியாகக் கொதித்தது. மற்றவர்களுக்குக் கத்தரி வறுவல். அதில் பெரிய துண்டுகள் ஆம்பியாவின் தட்டில் இருந்தன. உள்ளே ஆம்பியாவின் தலையணைக்கு இடம் விட்டு, மொயேஜ் பாயைச் சுருட்டிக்கொண்டு மாட்டுக் கொட்டகையில் படுக்கப் போனார்.