அழகுமலை கேட்ட கல்

பேராசிரியர் அழகுமலை கொடுத்த கல்லுக்குப் பாலூற்றிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. "அப்பா போயிட்டாங்க பெரியப்பா. நெஞ்சுவலி" என்று போனில் அழுதாள் அவர் மகள் செல்வி.

எங்கள் கல்லூரியின் தத்துவத் துறையில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. திருவாதவூர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். விடுமுறை விட்டால் நான் கோயில் குளம் என்று கிளம்புவேன். அவர் அரியலூர்ப் பக்கம் கல் பொறுக்கப் போவார். ஒரு காலத்தில் கடல் கிடந்த பூமி அது. "உயிர் எப்படி வந்துச்சுன்னு பாக்காம ஆன்மாவைப் பேசுறது, அஸ்திவாரம் இல்லாம மொட்டைமாடி கட்டுற கதைதாண்ணே" என்பார். கல்லாகிப்போன கடலுயிர்களை வகுப்பில் கை கையாகச் சுற்றவிடுவார்.

வைகைப் பாலத்தில் ஒருமுறை வண்டியை நிறுத்தினார். கீழே ஆகாயத்தாமரையும் சாக்கடையும். "கடல் எங்க போயிரப் போகுதுன்னுதாண்ணே இதுகளும் இருந்திருக்கும்" என்று பையிலிருந்த கற்களைத் தட்டினார்.

எங்கள் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்கு, தம்மிடமிருந்ததில் அழகான கல்லைக் கொண்டுவந்தார். உள்நோக்கிச் சுருண்ட நத்தைபோல் ஒன்று. எங்களுடையது சௌராஷ்டிர வைணவ வீடு. சக்கரம் பதிந்த கல் என்றால் சாளக்கிராமம்தான். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிப் பூஜையறையில் வைத்துவிட்டார்.

வகுப்பில் சுற்றவிடும் கல் கைதவறி உடைந்தபோது அழகுமலை வீட்டுக்கு வந்தார். "பிள்ளைகளுக்குக் காட்டிட்டுத் தந்துர்றேம்மா" என்று பூஜையறை வாசலில் நின்று கை நீட்டினார்.

"பூஜை பண்ற கல்லை வெளியாளு தொடக்கூடாது தம்பி" என்றார் அம்மா.

கொடுத்தவரே வெளியாள்! எல்லா உயிரும் ஒன்றென்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிற நான், வாயில் கொழுக்கட்டையோடு நின்றேன். அவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு சிரித்தார். "எம்புட்டோ காலம் மண்ணுல கெடந்துச்சு. கொஞ்ச நாள் சாமியாவும் இருக்கட்டும்."

அம்மா காலமானபின் யார் தடுத்தார்கள்? யாருமில்லை. அப்போதும் நான் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அதுதான் இப்போது நெஞ்சை அறுக்கிறது.

பால் ஈரம் காயுமுன் கல்லை எடுத்துக்கொண்டு அவனியாபுரத்திலுள்ள அவர் வீட்டுக்கு ஓடினேன். செல்வி பார்த்துவிட்டுத் தயங்கினாள். "சாமிக் கல்லாச்சே, நான் தொடலாமா பெரியப்பா?"

அவள் கையில் வைத்தேன். வந்திருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தபோது கல் வெதுவெதுப்பாக இருந்தது. கிடத்தியிருந்த அவரின் உள்ளங்கையில் வைத்தேன். அன்று மடக்கிக்கொண்ட கை மடங்கவில்லை.

"காலேஜுக்குக் கொண்டு போங்க பெரியப்பா" என்றாள் செல்வி.

சென்று வாருங்கள், அழகுமலை. கல் இப்போது உங்கள் மேசைமேல் இருக்கிறது. யாரையும் கேட்காமல் எடுக்கலாம்.