அவள் குரல் இருந்த ஃபோல்டர்

மனைவிக்குத் தொண்டையில் அறுவைச் சிகிச்சை செய்தால் பேச்சு போய்விடும் என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், அவள் குரலை என் சின்ன லினக்ஸ் லேப்டாப்பில் பதிவு செய்து வைத்தேன்.

போன மாதம் ஒரு காலை, அப்டேட் முடிந்த பிறகு லேப்டாப் ஆன் ஆகவே இல்லை. எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுத்திருந்தேன். ஆனால் அதிலிருந்து எதையும் திரும்ப எடுத்துப் பார்த்ததில்லை. லினக்ஸைப் புதிதாகப் போட்டுவிட்டு, டிஸ்கைச் செருகி, ஃபைல்களை ஏற்றத் தொடங்கினேன். உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

எங்கள் மயிலாப்பூர் தெருவில் இஸ்திரி போடுபவர் கீழேயிருந்து கேட்டார்: “இன்னா சார், காலைலேர்ந்து நடந்துகினே கீறீங்க?”

“ஒரு வேலை முடியணும்பா” என்றேன். மறுபடி உள்ளே போய்த் திரையைப் பார்த்தேன்.

ஏற்றி முடித்ததும் அவள் குரல் இருந்த ஃபோல்டரைத் திறந்து, முதல் ஃபைலை ஓடவிட்டேன்.

“இது பதிவாகுதா, இல்ல சும்மா பேச வெக்கிறீங்களா?”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சமையலறையிலிருந்து வந்து நின்ற அவள், தன் குரலை முழுதும் கேட்டாள். பிறகு மேஜையிலிருந்த காகிதத்தை இழுத்து எழுதினாள்: “இன்னொரு டிஸ்க்லயும் போட்டு வைங்க.”