ஈர வாசனை

மூக்கண்ணன் என்று கேட்டால்தான் அந்தக் கம்பெனியில் ஆளைத் தெரியும். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசல் காவலாளி உதட்டைப் பிதுக்குவார். தெற்கு பிரான்சிலிருந்து வெள்ளை ஒயினை வரவழைத்து ஓட்டல்களுக்குக் கொடுக்கிற கம்பெனி அது. வந்து இறங்கும் ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஆறு பாட்டில்களைத் திறந்து, முகர்ந்து, ருசித்து, துப்பி, 'போகலாம்' என்றோ 'கூடாது' என்றோ சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. அந்தக் கையெழுத்து விழாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. "எங்க மாமா துப்புறதுக்குச் சம்பளம் வாங்குறவர்" என்று அவருடைய மச்சினன் போகிற இடத்திலெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அதில் பொய் ஒன்றும் இல்லை. இருபத்து நான்கு வருஷத்தில் அவர் விழுங்கியதைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வாளிகூடத் தேறாது.

இதற்கென்று படித்து வந்தவர் இல்லை அவர். ஒரு ஓட்டலில் கண்ணாடிக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர். ஒருநாள், விருந்துக்கு எடுத்து வைத்த கோப்பைகளில் நான்கில் மட்டும் துடைத்த துணியின் வாடை அடிக்கிறது என்று தடுத்து நிறுத்தினார். கூட இருந்தவர்கள் இவனுக்குக் கிறுக்கு என்றார்கள். விருந்துக்கு வந்திருந்த பெரிய முதலாளி அப்படி நினைக்கவில்லை. மறுவாரமே தன் கம்பெனிக்கு அழைத்துக்கொண்டார். அந்த மனிதர் போய்ச் சேர்ந்து, இப்போது அவருடைய மகள் முதலாளியம்மாவாக இருக்கிறார். மூக்கண்ணன் மட்டும் மாறவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் இந்த ஒயின்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்புவார்கள். அதெல்லாம் அவர் வாயில் நுழையாது. அதனால் தனக்கென்று சொற்களை வைத்துக்கொண்டார். பிக்பூல் என்று ஒரு ரகம், கடலோரத்தில் விளைவது. நாக்கில் பட்டதும் எலுமிச்சைப் புளிப்பு சுருக்கென்று ஏறும். அதற்கு அவர் எழுதுவது 'ஊசி'. மார்சான் என்ற ரகத்துக்குக் கடைசியில் வரும் சின்னக் கசப்பு 'பாதாம் தோல்'. ருசானுக்கு 'தேன்மெழுகு'. சுண்ணாம்புப் பாறை நிலத்திலிருந்து வரும் சிலவற்றில் பழ வாசனையெல்லாம் அடங்கிய பிறகு, மழை விட்டதும் கல் படியிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை ஒன்று எழும்பி வரும். அதைக் கண்டுவிட்டால் மனிதர் அன்று யாரோடும் சண்டை போடமாட்டார். சீட்டில் 'ஈரம்' என்று ஒரே ஒரு சொல் இருக்கும். அவர் கையிலிருந்து வரும் அதிகபட்ச மார்க்கு அதுதான். முதலாளியம்மா அதை 'மழையில் நனைந்த கல்லின் மணம்' என்று மாற்றி ஓட்டல்களுக்கு அச்சடித்து அனுப்புவார்.

வெள்ளை ஒயினைப் பனிக்கட்டி மாதிரி குளிரவைத்துக் குடிப்பவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. போர்வைக்குள் முடங்கிக் கிடப்பவனுக்கு வணக்கம் சொல்கிற மாதிரி அது என்பார். குளிர்பெட்டியிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் சும்மா வைக்க வேண்டும். கோப்பையில் பாதிக்கும் குறைவாக ஊற்ற வேண்டும். மெல்லச் சுழற்றிவிட்டு மூக்கை உள்ளே விட்டு, அவசரப்படாமல் மூன்று முறை இழுக்க வேண்டும். அந்த நேரத்தில் பக்கத்தில் நின்று யாரும் பேசக் கூடாது. பேசினால் மூக்குக்கு மேலே கோபம் வந்துவிடும்.

இவ்வளவும் மூன்று மாதத்துக்கு முன்பு வரை.

ஊரில் எல்லாருக்கும் வருகிற ஜலதோஷம்தான் அவருக்கும் வந்தது. நாலு நாள் காய்ச்சல், ஒரு வாரத் தும்மல். எழுந்து உட்கார்ந்த அன்று காலையில் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி தலைதெறிக்க ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தில் பால் கரியாகிக் கிடந்தது. "பக்கத்துலதானே இருந்தீங்க?" என்று கேட்டவள், அவர் முகத்தைப் பார்த்ததும் பாத்திரத்தை எடுத்துத் தொட்டியில் போட்டாள். அவர் எழுந்துபோய் சோப்பை முகர்ந்தார். காபித்தூள் டப்பாவை முகர்ந்தார். கழற்றிப் போட்ட தன் சட்டையையே முகர்ந்தார். ஒன்றும் இல்லை. சுவரில் மூக்கை வைத்த மாதிரி இருந்தது.

டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார், மருந்து எழுதினார். சிலருக்கு ஆறு மாதத்தில் திரும்பும், சிலருக்கு வருஷமாகும், சிலருக்குத் திரும்பாது என்று பொதுவாகச் சொல்லி அனுப்பினார். மூக்கண்ணன் பயந்துபோனார். ஐம்பது வயதில், வேறெந்தத் தொழிலும் தெரியாத ஒருவருக்கு வரவேண்டிய பயம்தான். ஆனால் அதைக் கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. அங்கேதான் தப்புச் செய்தார்.

நாக்கு மிச்சம் இருந்தது. புளிப்பு, இனிப்பு, கசப்பு மூன்றும் தெரிந்தன. பிக்பூலின் ஊசி குத்தியது. மஸ்கட் ரகத்தின் இனிப்பு தித்தித்தது. பழைய சீட்டுகளைப் பார்த்து, அதே தோட்டத்துச் சரக்குக்குப் போன வருஷம் எழுதியதையே கொஞ்சம் முன்னே பின்னே மாற்றி எழுதினார். ஆனால் கெட்டது எது என்று நாக்கு சொல்லாது. கார்க்கில் நோய் வந்த பாட்டில் ஊறிப்போன அட்டைப்பெட்டி மாதிரி வாடை அடிக்கும். அதைக் கண்டுபிடிக்க மூக்குதான் வேண்டும். ஆகவே திறந்த ஆறில் ஒன்றை மூடி வீட்டுக்கு எடுத்துப்போகத் தொடங்கினார். காற்றுப்பட்ட பிறகு எப்படி மாறுகிறது என்று சாயங்காலம் பார்க்கணும் என்று முதலாளியம்மாவிடம் சொன்னார். அப்படிப் பார்ப்பது உண்டுதான் என்பதால் யாருக்கும் மூக்கில் வேர்க்கவில்லை.

வீட்டில் முகர்ந்தவள் அவர் மனைவி. திரைச்சீலையும் சீருடையும் தைத்துக் கொடுப்பவள். ஒரு சொட்டு மதுவை வாயில் வைத்ததில்லை. முதல் நாள் கோப்பையை ஏதோ பாம்பைப் பிடிக்கிற மாதிரி பிடித்தாள். பிறகு பழகிவிட்டது. தையல் மிஷினை நிறுத்திவிட்டு வந்து முகர்ந்து, தனக்குத் தெரிந்த விதத்தில் சொல்வாள். புதுத்துணி மாதிரி இருக்கு, இஸ்திரி போட்ட சட்டை மாதிரி இருக்கு, எலுமிச்சைத் தோலைக் கிள்ளின மாதிரி இருக்கு. அவர் அதைத் தன் சொல்லுக்கு மாற்றிச் சீட்டில் எழுதுவார். தன்னுடைய நல்ல சொற்களையெல்லாம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். கெட்ட வாடைகளைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே அது வந்துவிடும் என்று அசட்டுத்தனமாக ஒரு எண்ணம்.

ஒரு சாயங்காலம், சுண்ணாம்புப் பாறைத் தோட்டத்திலிருந்து வந்த பாட்டிலை வைத்துக்கொண்டு அவள் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். இரண்டு முறை கோப்பையைக் கீழே வைத்து மறுபடி எடுத்தாள். "ஈர வாசனை அடிக்குதுங்க" என்றாள்.

அவர் முகம் மலர்ந்தது. இரண்டு மாதத்தில் அவள் அப்படி ஒரு முகத்தைப் பார்க்கவில்லை. "மழை விட்ட மாதிரியா?" என்று கேட்டார்.

அவள் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். "ஆமா. மழை மாதிரிதான்" என்றாள்.

மறுநாள் காலையில் சீட்டில் 'ஈரம்' என்று எழுதி, கீழே கோடும் போட்டார். நூற்று எண்பது பெட்டி வாசலைத் தாண்டிப் போனது.

மூன்றே வாரத்தில் சரக்கு திரும்பி வரத் தொடங்கியது. முதலில் ஒரு ஓட்டல், பிறகு நான்கு. பாட்டிலைத் திறந்தால் மக்கிய காகித நாற்றம், சாப்பிட வந்தவர்கள் கோப்பையைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்கள் என்று கடிதம். முதலாளியம்மா தானே இரண்டைத் திறந்து முகர்ந்து முகத்தைச் சுளித்தார். யாருக்கும் மூக்கண்ணன் மேல் சந்தேகம் வரவில்லை. அதுதான் கொடுமை. அவருடைய சீட்டில் 'ஈரம்' என்று இருக்கிறது, கீழே கோடு வேறு. அப்படியானால் சரக்கு வந்தபோது தங்கமாகத்தான் வந்திருக்கிறது. கெட்டது இங்கே, கிடங்கில். அந்த மாதம் பெய்த மழையில் கிடங்கின் மேற்குச் சுவர் ஓதம் பூத்திருந்தது. எல்லாருடைய விரலும் அந்தச் சுவரையும், பிறகு கிடங்குக்காரரையும் காட்டியது.

கிடங்குக்காரர் பதினோரு வருஷமாக அங்கே இருப்பவர். வரிசைக்கு ஒரு வெப்பமானி மாட்டி, காலையும் மாலையும் பார்த்துச் சிலேட்டில் எழுதுபவர். ஓதம் கண்ட அன்றே அந்தச் சுவரோரப் பெட்டிகளை ஒற்றை ஆளாக நகர்த்தி வைத்தவர். அவருக்குப் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். சரக்கைக் கெடுத்தவர் என்று பெயர் வாங்கி வெளியே போனால் வேறெந்தக் கிடங்கும் அவரை வாசலில்கூட நிற்கவிடாது. வெள்ளிக்கிழமையோடு அவரை அனுப்பிவிடுவது என்று முதலாளியம்மா முடிவு செய்தார். அதற்கு முன் மூக்கண்ணன் திரும்பி வந்த பாட்டில்களை முகர்ந்து, 'கிடங்கில் கெட்டது' என்று ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும்.

ஓதம் கார்க்கைத் தாண்டி உள்ளே போகாது. அது மூக்கண்ணனுக்குத் தெரியும். இது கார்க்கோடு கூடவே வந்த நோய். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன என்பதும் தெரியும்.

வியாழக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்த பாட்டில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினார். எதுக்கு என்று சொல்லவில்லை. அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, இது அன்றைக்கு முகர்ந்ததுதானே என்றாள். ஆமாம் என்றார். "கல்லா, அட்டையா? சரியாச் சொல்லு" என்றார்.

"அட்டை. நனைஞ்சு மக்கின அட்டை. அன்னைக்கே அதைத்தான் சொல்ல வந்தேன். மழையான்னு கேட்டீங்க பாருங்க, அப்போ உங்க முகம் இருந்த இருப்புக்கு, இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல." சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவருக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கேட்டால் அவள் சொல்லியிருப்பாள், தான் கேட்ட விதம்தான் அவள் வாயை அடைத்தது என்பது அவருக்குப் புரிந்தது. வெட்கமாக இருந்தது. கிடங்குக்காரரைப் பற்றி அவளிடம் சொன்னார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பெண்களின் சீருடையைப் போன மாதம் தான்தான் தைத்துக் கொடுத்ததாக மட்டும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை ருசி பார்க்கும் அறையில் மூன்று பேர் இருந்தார்கள். மேஜையில் மூன்று பாட்டில், வெற்றுச் சீட்டு ஒன்று, பேனா ஒன்று. கிடங்குக்காரர் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். அண்ணன் முகர்ந்து என்ன சொன்னாலும் கட்டுப்படுகிறேன், எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.

மூக்கண்ணன் கோப்பையைத் தொடவே இல்லை. "எனக்கு மூணு மாசமா வாசனையே தெரியலம்மா. அந்தச் சீட்டு நான் மோந்து எழுதினதில்ல. சரக்கு வரும்போதே கெட்டுத்தான் வந்துச்சு. தம்பி மேல தப்பே இல்ல" என்றார்.

மூன்று மாதமாக அவர் பயந்துகொண்டிருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான். ஆனால் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. அவரை யாரும் நம்பவே இல்லை. முதலாளியம்மா பாதி சிரித்து, உங்க நல்ல மனசு தெரியும், அதுக்காக இப்படியா என்றார். கிடங்குக்காரருக்கோ கோபமே வந்துவிட்டது. "உங்க மூக்கு மேல பழி போட்டு நான் பொழைக்கணுமா அண்ணே? எனக்காக நீங்க பொய் சொல்ல வேணாம்" என்றார். முதலாளியம்மா கிடங்குக்காரரை வேலையிலிருந்து அனுப்பும் கடிதத்தை மேஜைமேல் எடுத்து வைத்துப் பேனாவைத் திறந்தார்.

மூக்கண்ணன் அவர் கையைத் தடுத்தார். எதை வேண்டுமானாலும் கோப்பையில் ஊற்றிக் கொடுங்கள், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன் என்றார். அந்தப் பொய்யை ஒரே நொடியில் உடைத்துவிடலாம் என்று கிடங்குக்காரர் விறுவிறுவென்று வெளியே போனார். திரும்பி வந்து அவர் கையில் ஒரு கோப்பையைத் திணித்தார்.

மூக்கண்ணன் கண்ணைத் திறக்காமல் அதைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டு, ஒரு முறை இழுத்தார். இரண்டாம் முறையும் இழுத்தார். மூன்றாம் முறை இழுத்தபோதும் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. நாக்காவது ஏதாவது சொல்கிறதா பார்க்கலாம் என்று கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனார்.

கிடங்குக்காரர் பாய்ந்து அவர் கையைத் தட்டிவிட்டார். கோப்பை தரையில் விழுந்து உடைந்தது. பெட்டிகளில் ஒட்டிய பழைய லேபிளைத் துடைத்து எடுக்க வைத்திருந்த மண்ணெண்ணெய் மேஜைக்கடியில் ஓடிப் பரவியது. முதலாளியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறக்கப் போனார். கிடங்குக்காரர் மூக்கண்ணனின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார்.

மூக்கண்ணன் கண்ணைத் திறந்து தரையைப் பார்த்தார். "எந்த ரகம் தம்பி அது?" என்று கேட்டார்.